மலைக்கு வழி தெரிந்தவர்கள்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்துப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நண்பரின் மகன், பத்தாம் வகுப்பு, ரைடர் ஹாகார்டின் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' நாவலை அப்போதுதான் படித்து முடித்திருந்தான். "இந்த மாதிரிப் பயணம் நம்ம பக்கம் நடந்திருக்குங்களா மாமா?"

"நடந்த இடத்தப் பாத்துட்டேதான் டீ குடிக்கறோம் கண்ணு" என்று எதிரே நின்ற நீலமலையைக் காட்டினேன்.

இந்த வகை நாவல்களில் மூன்று சங்கதிகள் தவறாமல் வரும். முதலில் ஒரு வதந்தி, அல்லது பழைய வரைபடம். அடுத்து, தாண்டவே முடியாது என்று தோன்றும் பாலைவனமோ செங்குத்துப் பாறையோ. அதற்கு அப்பால், வெளியுலகம் அறியாத மக்கள். ஹாகார்ட் 1885-ல் இப்படித்தான் எழுதினார். 1912-ல் கானன் டாயில் எழுதிய 'தி லாஸ்ட் வேர்ல்ட்' கதையும் மலையுச்சிச் சமவெளி ஒன்றில்தான் நடக்கிறது.

இந்த மூன்றும் நீலகிரியில் நிஜமாகவே கூடிவந்தன. மலைமேல் தொடர்பு அறுந்துபோன கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று மலபாரில் ஒரு பேச்சு இருந்தது. அவர்களைத் தேடி 1603-ல் ஃபெனிசியோ என்ற இத்தாலியப் பாதிரியார் மலையாளப் பக்கமிருந்து ஏறினார். கண்டது தோடர்களை. அவர்களுடைய பூசாரியிடம் எருமைகளைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் விசாரித்தார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார். தேடி வந்தவர்கள் இல்லை என்று தெரிந்து இறங்கினார்.

இருநூறு வருஷம் கழித்து, 1812-ல், கீஸ், மக்மஹோன் என்ற இருவர் மலையை அளக்கப் போனார்கள். 1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார். அந்தக் காலத்தில் மலைப்பாதை தொடங்கிய தணாயக்கன் கோட்டை இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

"அப்போ நீலகிரியக் கண்டுபிடிச்சது சல்லிவனுங்களா?"

இந்த இடத்தில்தான் பொறுமையாக யோசிக்க வேண்டும். 1117-ம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டிலேயே நீலமலையும் தோடர்களும் வந்துவிடுகிறார்கள். படகர் விளைவித்த தானியம், கோத்தர் செய்த இரும்புக் கருவியும் மண்பானையும், தோடரின் நெய், குறும்பரின் தேன் எல்லாம் மலைக்குள் கைமாறிக்கொண்டே இருந்தன. கைமாற வேண்டுமென்றால் ஆள் நடக்க வேண்டும், நடந்தால் தடம் விழும். சல்லிவன் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் அவர் உயிரைப் பணயம் வைத்து ஏறிய மலை, இன்னொருவர் தினமும் நெய்ப்பானையோடு நடந்த மலை. 'அறியாத நாடு' என்றால் வந்தவர் அறியாத நாடு, அவ்வளவுதான்.

ஹாகார்டின் கதையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. வேலையாளாகக் கூட வரும் உம்போபாதான் அந்த நாட்டுக்கு உரிய அரசன். அதனால் இந்த நாவல்களைத் தாராளமாகப் படி, கண்ணு. படிக்கும்போது யார் வழி சொல்கிறார், யார் மூட்டை சுமக்கிறார், அவருக்கு ஒரு பெயராவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே படி.

அவன் டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் மலையையே பார்த்தான். "அந்தக் கண்ணாடிய வாங்கின அம்மா, சாயங்காலம் வீட்ல என்ன சொல்லியிருப்பாங்க மாமா?"

அறியாத நாட்டிலிருந்து ஒருவர் வந்தார் என்றுதான் தொடங்கியிருப்பார்.