ரேம் ஏறுச்சு... வேகம் இறங்குச்சே!

பாக்கெட் மணியைச் சேர்த்துவெச்சு, இருந்த 8 ஜி.பி. ரேமோட இன்னொரு 8 ஜி.பி. வாங்கிப் போட்டாச்சு. 'இனிமே கேம் பறக்கும் மச்சி'ன்னு ஹாஸ்டல் பூரா அளந்தும் விட்டாச்சு. ஆனா, முன்னைவிட திக்கித் திணறி ஓடுதா?

கடைக்காரரோட சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர்ல 'பெர்ஃபாமன்ஸ்', அதுல 'மெமரி'. அங்கே 'ஸ்பீடு'ன்னு ஒரு நம்பர் இருக்கும். 3200 வரவேண்டிய டி.டி.ஆர்.4 ரேமுக்கு 2133ன்னு காட்டினா, திருடன் சிக்கிட்டான்!

ஜோடி மாட்டுல ஒண்ணு நொண்டினா வண்டியே நொண்டும் இல்லையா? ரேமும் அப்படித்தான். பழசு 3200, புதுசு 2400ன்னா ரெண்டுமே 2400-க்கு இறங்கிடும். வாங்கும்போதே பழைய ரேமோட ஸ்டிக்கரைப் பார்த்திருக்கணும். (யார் பார்க்கிறா?)

ரெண்டுமே 3200தானா? அப்போ பயாஸ்ல 'எக்ஸ்.எம்.பி.' ஆஃப் ஆகியிருக்கலாம். புது ரேமைப் பார்த்ததும் சில மதர்போர்டுகள் உஷாராகி, குறைஞ்ச வேகத்துக்குப் போயிடும். திரும்ப ஆன் பண்ணுங்க.

நாலு ஸ்லாட் போர்டுன்னா பக்கத்துப் பக்கத்துல சொருகாதீங்க. பெரும்பாலான போர்டுகள்ல பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-தான் சரியான இடம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவங்க இதைக் கட்டாயம் கவனிங்க. உங்க கேமோட படம் முழுக்க இந்த ரேமைக் கடன் வாங்கித்தான் ஓடுது.

இவ்வளவுக்கும் அப்புறம் பாதியில உறையுதா? கரன்ட்டை அணைச்சு, புது ரேமை மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்க. அப்பவும் உறைஞ்சா, பில்லை எடுத்துக்கிட்டு தாராளமா கடைக்குக் கிளம்பலாம்!