முகத்தில் சுருக்கம் விழ வயசு மட்டும்தான் காரணமா? தோலுக்குள் நடப்பது என்ன?

ஒரே முகம். ஆனால் வலது பக்கத்தைவிட இடது பக்கத்துக்குப் பல வயது கூடுதலாகத் தெரிகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் இந்தப் புகைப்படம், 2012-ம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' மருத்துவ இதழில் வெளியாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது.

அவர் 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம் இருக்கும். அதனால் ஜன்னல் வழியாக வந்த வெயில் அவரது இடது கன்னத்தில்தான் அதிகம் பட்டது. அந்தப் பக்கத் தோல் தடித்து, ஆழமான சுருக்கங்களோடு தொங்கிப்போனது. இரண்டு கன்னத்துக்கும் அதே வயசு, அதே சாப்பாடு, அதே பரம்பரை. பெரிய வித்தியாசம் வெயில்தான்.

அப்படியென்றால் முகச்சுருக்கத்துக்குக் காரணம் வயசா, வெயிலா? இரண்டும்தான். ஆனால் வயசைத் தடுக்க முடியாது, வெயிலைத் தடுக்கலாம்.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

நம் தோலில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே தெரிவது மேல்தோல். அதன் கீழே உள்தோல். அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு. சுருக்கத்தின் கதை பெரும்பாலும் நடுவில் இருக்கும் உள்தோலில்தான் நடக்கிறது.

உள்தோலை ஒரு கயிற்றுக் கட்டில் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். இறுக்கமாகப் பின்னிய கயிறுதான் கொலாஜன் என்ற புரதம். தோலுக்கு உறுதியைக் கொடுப்பது இதுதான். இழுத்தால் ரப்பர் போல பழைய இடத்துக்குத் திரும்ப உதவுவது எலாஸ்டின். இவற்றுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துவைத்து தோலை மொழுமொழுவென வைத்திருப்பது ஹயலுரானிக் அமிலம். புதுக் கட்டில் விறைப்பாக இருக்கும். கயிறு நைந்தால் நடுவில் தொய்ந்துவிடும். தோலும் அப்படித்தான்.

வயதாக ஆக என்ன நடக்கிறது?

இருபதுகளைத் தாண்டிய பிறகு கொலாஜன் உற்பத்தி ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம் குறைகிறது. எலாஸ்டின் பெரும்பாலும் சிறு வயதிலேயே உருவாகிவிடுவதால், சேதமானால் அதே தரத்தில் மறுபடி கிடைப்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பிகளின் வேலையும் குறைவதால் தோல் வறண்டு, சின்னச் சின்னக் கோடுகள்கூட பளிச்சென்று தெரியும்.

தோலுக்கு அடியிலும் மாற்றம் நடக்கும். கன்னத்துக் கொழுப்பு குறைந்து கீழிறங்கும். தாடை எலும்பும் கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பும்கூட மெல்ல மெல்லக் கரையும். உள்ளே தாங்கிப் பிடிக்க ஆள் குறையும்போது மேலே இருக்கும் தோல் தொங்கத்தானே செய்யும்?

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இந்த வேகம் கூடும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், முதல் 5 ஆண்டுகளிலேயே தோலில் உள்ள கொலாஜனில் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும் என்கின்றன ஆய்வுகள். "திடீர்னு வயசான மாதிரி தெரியுதே" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிரித்தால் சுருக்கம் விழுமா?

உடம்பில் பெரும்பாலான தசைகள் எலும்போடு எலும்பை இணைக்கும். முகத்தில் உள்ள பல தசைகளோ நேராகத் தோலில் போய் ஒட்டியிருக்கும். அதனால்தான் சிரித்தாலும், முறைத்தாலும், புருவத்தைத் தூக்கினாலும் தோல் மடிகிறது. இளம் வயதில் மடிப்பு உடனே விரிந்துவிடும். கொலாஜன் குறைந்த பிறகு, ஒரே இடத்தில் மடித்துவைத்த வேட்டி போல அந்தக் கோடு நிலைத்துவிடும். கண்ணோரத்திலும் நெற்றியிலும் முதலில் கோடு விழுவது இதனால்தான். அதற்காக யாரும் சிரிக்காமல் இருக்க வேண்டியதில்லை!

வெயில் என்ன செய்கிறது?

சூரிய ஒளியில் இருந்து நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 95 சதவீதம் யுவிஏ வகை. தோலைச் சுட்டுச் சிவக்கவைப்பது பெரும்பாலும் யுவிபி. அது எரிச்சலைக் கொடுத்து எச்சரித்துவிடும். யுவிஏ அப்படி இல்லை. எரியாது, வலிக்காது. ஆனால் உள்தோல் வரை இறங்கி, கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடும். மேகத்தையும் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும்கூட தாண்டி வரும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள், பிறகு முகத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயசுதான். ஆனால் வெயில் படாத தோல் எவ்வளவு மிருதுவாக இருக்கிறது!

நம்ம ஊர் தோலுக்கு இது பொருந்துமா?

பொருந்தும், ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் மெலனின் அதிகம். அது இயற்கையான குடை மாதிரி. அதனால் வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் விழும். அதற்குப் பதிலாக கரும்புள்ளி, மங்கு, சீரற்ற நிறம் ஆகியவை முன்னால் வந்து நிற்கும். வெயில் வேலையைக் காட்டுகிறது என்பதற்கு இதுதான் முதல் அடையாளம்.

புகைப்பழக்கமும் இதில் சேர்ந்துகொள்ளும். அது தோலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, கொலாஜனையும் சிதைக்கும்.

க்ரீம் போட்டால் சுருக்கம் போகுமா?

'கொலாஜன் க்ரீம்' என்று விற்பதை வாங்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கொலாஜன் மூலக்கூறு மிகப் பெரியது, மேல்தோலைத் தாண்டி உள்ளே போகாது. மேலாக ஈரப்பதம் கொடுக்கும், அவ்வளவுதான்.

நல்ல ஆதாரம் உள்ள மருந்து என்றால் ட்ரெட்டினோயின் போன்ற ரெட்டினாய்டுகளைச் சொல்லலாம். இவை கொலாஜன் உற்பத்தியைத் தூண்டும். பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். ஆரம்பத்தில் எரிச்சலும் இருக்கும். கர்ப்பிணிகள் பயன்படுத்தவே கூடாது. தோல் மருத்துவரின் ஆலோசனை கட்டாயம்.

போடாக்ஸ் ஊசி தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து கோடுகளைக் குறைக்கும். பொதுவாக 3 முதல் 4 மாதங்கள்தான் பலன் நீடிக்கும். பயிற்சி பெற்ற மருத்துவரிடம் மட்டுமே போட வேண்டும்.

இந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள்!

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. சில நாளில் முகம் பளபளக்கும். தொடர்ந்து பூசினால் நிலைமை தலைகீழாகும். தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்து, பரு பொங்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். சுருக்கத்துக்குப் பயந்து பூசும் க்ரீமே தோலைச் சுருங்கவைத்துவிடும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இந்த ஆபத்தால்தான். வாங்கும் முன் டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, என்னதான் செய்யலாம்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 903 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வெளியானது. நாலரை ஆண்டுகள் தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் முதுமை, விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தனைக்கும் அதில் நடுத்தர வயதினரும் இருந்தார்கள். அதனால் "இனிமே பூசி என்ன ஆகப்போகுது" என்று விட்டுவிடத் தேவையில்லை.

* எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை வாங்கலாம். யுவிஏ-வையும் தடுக்க, 'பிஏ' குறியீட்டுக்குப் பக்கத்தில் மூன்று பிளஸாவது இருக்க வேண்டும்.
* முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.
* காலை 10 முதல் மாலை 4 மணி வரை குடை, தொப்பி, துப்பட்டா எதுவாக இருந்தாலும் நல்லது. காசு செலவே இல்லாத பாதுகாப்பு நிழல்தான்.
* புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துவது தோலுக்கும் நல்லது.

முகச்சுருக்கம் ஒரு நோய் அல்ல. சிகிச்சை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் முகத்தில் ஆறாத புண்ணோ, அளவும் நிறமும் மாறிக்கொண்டே வரும் மச்சமோ இருந்தால், அதை வயசின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.