உவர் நீரும் உறுதிக் காணியும்: ஒரு சட்டத்தரணியின் பணி



"எங்கட வளவுக் கிணறு உவராய்ப் போச்சுது." ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இந்த வசனத்தைக் கேட்காத குடும்பம் எம்மில் குறைவு. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் மேலேயும் உவர் நீர் அதன் கீழேயும் நிற்கின்றன. மேலே உள்ளதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ளது ஏறி வரும். இது எமது பெற்றோர் அனுபவத்தில் அறிந்த விடயம். ஆனால் உவர் வந்தது எமது தவறால் அல்ல, பக்கத்துக் காணியில் நடக்கும் ஒரு தொழிலால் என்றால் என்ன செய்யலாம்? காணி உறுதி எமது பெயரில் இருந்தும் அந்தக் காணியில் பயிர் முளைக்காவிட்டால் உறுதிக்கு என்ன பெறுமதி?

இந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் தேடிய ஒரு பெரிய வழக்கு தமிழ்நாட்டுக் கரையோரத்தில் தொடங்கியது. சுற்றாடல் சட்டத்தரணி ஒருவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

வயலுக்குள் வந்த கடல்

1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் உள்ளிட்ட இந்தியக் கிழக்குக் கரையோர மாவட்டங்களில் ஏற்றுமதிக்கான இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. கம்பனிகள் கரையோர நிலங்களை வாங்கிக் குளம் வெட்டி, கடல் நீரை இறைத்து நிரப்பின. குளத்து உப்பு நீர் மண்ணினூடாகக் கசிந்து அயல் வயல்களுக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கும் சென்றது. தீவன எச்சமும் மருந்தும் கலந்த கழிவு நீர் வாய்க்கால்களிலும் கழிமுகங்களிலும் விடப்பட்டது. குளக்கட்டுகள் மழை வெள்ளம் வடிந்தோடும் வழியை மறித்தன. மீனவர்கள் காலங்காலமாகக் கடலுக்குப் போன பாதைகள் வேலிக்குள் அகப்பட்டன.

சிறிய காணிக்காரரின் நிலையைக் கவனியுங்கள். அவர் விற்க மறுத்தாலும் சுற்றியுள்ள காணிகள் குளமாகிவிட்டால் அவருடைய வயலும் உவராகும். பின்னர் கிடைத்த விலைக்கு விற்பதைத் தவிர வேறு வழியிருக்காது. பலவந்தம் எதுவும் இல்லாமலே நிலம் கைமாறும் முறை இது.

இதனை எதிர்த்து மக்களைத் திரட்டியவர்கள் காந்தியவாதியான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவரது துணைவியார் கிருஷ்ணம்மாளும். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின்னர் அப்பகுதிக்கு வந்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் காணி பெற்றுக்கொடுக்கப் பாடுபட்டவர்கள் இவர்கள். அதற்காக 1981இல் லாஃப்டி என்ற அமைப்பையும் தொடங்கினர். எவ்வளவோ சிரமப்பட்டுப் பெற்றுக்கொடுத்த நிலங்களின் அருகிலேயே உப்புக் குளங்கள் வந்தபோது அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அதனோடு நிற்காமல், 1994இல் ஜெகந்நாதன் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றார். அவருக்காக வாதாடியவர் சட்டத்தரணி எம். சி. மேத்தா. தாஜ்மகால், கங்கை நதி ஆகியவற்றைக் காக்கும் வழக்குகளை முன்னெடுத்தவர் இவரே.

சட்டத்தரணி என்ன செய்தார்?

முதலாவது, வழக்குப் போடும் உரிமை. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாக வழக்கு வைத்தால் செலவும் காலமும் அவரை விழுத்திவிடும். இந்திய அரசியலமைப்பின் 32ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லலாம். பாதிக்கப்பட்டவர்களுக்காக வேறொருவர் செல்வதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. இதுவே பொதுநல வழக்கு. இதனால் பல கிராமங்களின் முறைப்பாடு ஒரே மனுவாகியது.

இரண்டாவது, சாட்சியம். "எங்கள் தண்ணீர் கெட்டுவிட்டது" என்று சொன்னால் மட்டும் போதாது. நாக்பூரிலுள்ள தேசிய சுற்றாடல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை நேரில் சென்று பார்க்குமாறு நீதிமன்றம் பணித்தது. இறால் விற்பனையால் வரும் வருமானத்தைவிட சூழலுக்கும் மக்களுக்கும் ஏற்படும் நட்டமே அதிகம் என்று அந்நிறுவனம் அறிக்கை கொடுத்தது. அந்நியச் செலாவணி வருகிறது என்ற வாதத்துக்கு இதுவே பதிலாக அமைந்தது.

மூன்றாவது, தற்காலிகத் தடை. வழக்கு முடியும்வரை காத்திருந்தால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. எனவே 1995 மே மாதத்திலேயே, விவசாய நிலங்களையும் உப்பளங்களையும் பண்ணைகளாக மாற்றக்கூடாது, மீனவர் கடலுக்குப் போகும் வழியை மறிக்கக்கூடாது என்ற இடைக்கால உத்தரவுகள் பெறப்பட்டன.

நான்காவது, ஏற்கெனவே உள்ள சட்டத்தைப் பயன்படுத்துதல். 1991 பெப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட கரையோர ஒழுங்குமுறை அறிவித்தல், உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீற்றருக்குள் புதிய தொழில்களைக் கட்டுப்படுத்தியது. கடல்முகப்பு அவசியமான தொழில்களுக்கு மட்டுமே விலக்கு. இறாலுக்குக் கடல் நீர் தேவை, ஆகவே எமக்கும் விலக்கு உண்டு என்றன பண்ணைகள். நீர் தேவைப்படுவது வேறு, கரையிலேயே குளம் வெட்டவேண்டும் என்பது வேறு என்று நீதிமன்றம் அதனை நிராகரித்தது.

தீர்ப்பும் அதன் பின்னரும்

1996 டிசம்பர் 11ஆம் திகதி நீதியரசர்கள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிர, அந்த எல்லைக்குள் உள்ள ஏனைய பண்ணைகள் 1997 மார்ச் 31க்குள் அகற்றப்படவேண்டும். வயல், உப்பளம், கண்டற்காடு, ஈரநிலம், கிராமப் பொதுக்காணி எதையும் இறால் குளமாக மாற்றக்கூடாது. மாசுபடுத்தியவரே நட்டஈடும் நிலத்தைச் சீராக்கும் செலவும் தரவேண்டும். வேலை இழக்கும் தொழிலாளருக்கு மேலதிகமாக ஆறு வருடச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்றும் உத்தரவிடப்பட்டது. கூலிக்கு வேலை செய்த ஏழையின் தலையில் சுமை விழக்கூடாது என்ற எண்ணம் இதில் தெரிகிறது.

இத்துடன் கதை முடியவில்லை. மீளாய்வு மனுக்களின் மேல் 1997 மார்ச்சில் அகற்றும் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 2005இல் இந்தியப் பாராளுமன்றம் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றி, பதிவு பெற்ற பண்ணைகள் தொடர வழி செய்தது. 500 மீற்றர் தடை போய், உயர்நீர்க் கோட்டிலிருந்து 200 மீற்றருக்குள் மட்டும் தடை என்றாகியது. அப்படியானால் வழக்கு வீணா? இல்லை. பதிவும் அனுமதியும் கண்காணிப்பும் இல்லாமல் யாரும் எங்கும் குளம் வெட்டலாம் என்றிருந்த காலம் அந்த வழக்கோடு முடிந்தது. ஆனால் நீதிமன்றத்தில் கிடைத்ததைச் சட்டமன்றத்தில் இழக்கலாம் என்ற பாடத்தையும் நாம் மறக்கக்கூடாது. ஜெகந்நாதன் 2013 பெப்ரவரியில், நூறு வயதில் காலமானார்.

எமது வாசலில்

இது தூர தேசத்துக் கதை என்று எண்ணவேண்டாம். ஆல்பனியிலிருந்து சிறிது தூரத்திலுள்ள ஒகுரா கழிமுகம், 1995இல் அமைக்கப்பட்ட லோங் பே - ஒகுரா கடல்சார் ஒதுக்கிடத்தின் ஒரு பகுதி. அதன் கரையில் பெருமளவில் வீடுகள் கட்டுவதற்காக நகர எல்லையை விரிவாக்கக் கேட்ட முறையீட்டைச் சுற்றாடல் நீதிமன்றம் 2018இல் நிராகரித்தது. அங்கே வாதத்தின் மையமாக இருந்தது உப்பு அல்ல, சேறு. மண்ணைக் கிளறினால் மழையில் அது ஓடி வந்து கழிமுகத்தில் படியும்; மட்டி சிப்பிகளும் பறவைகளின் உணவும் அதனால் அழியும். இந்நாட்டில் மனிதர் குடியேறியபோது இருந்த ஈரநிலங்களில் பத்தில் ஒரு பங்கே இன்று மிஞ்சியுள்ளது என்று மதிப்பிடப்படுகிறது.

இலங்கையிலும் ஓர் உதாரணம் உண்டு. சுன்னாகம் மின் நிலைய எண்ணெய்க் கழிவால் அயலிலுள்ள கிணறுகள் மாசடைந்தமை தொடர்பில் வழக்குத் தொடுத்தவர், கிணற்றுச் சொந்தக்காரர் அல்லாத சூழலியல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மின் உற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எமது மக்களின் கிணற்றுக்காக இன்னொரு சமூகத்தைச் சேர்ந்தவர் வழக்காடினார் என்பது மனதில் வைத்திருக்கவேண்டிய விடயம்.

நாம் செய்யக்கூடியவை

எம்மில் பலருக்கு ஊரில் களப்போரமாகவோ கடலோரமாகவோ காணி உண்டு. குத்தகைக்குக் கேட்டு யாராவது வந்தால், என்ன தொழிலுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். குத்தகை முடிந்ததும் மண்ணை யார் சீராக்குவது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை உப்பு ஊறிய வயலை மீட்கப் பல வருடங்கள் செல்லும்.

உறுதி, தோம்பு, நில அளவைப் படம் ஆகியவற்றின் பிரதிகளை இங்கும் அங்கும் வைத்திருங்கள். கிணற்று நீரை இப்போதே பரிசோதித்து அறிக்கையைத் திகதியுடன் பத்திரப்படுத்துங்கள். முன்னர் நன்னீராக இருந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் எந்தச் சட்டத்தரணியாலும் வெல்ல முடியாது. ஒரு வீட்டாராக அல்லாமல், அயலவர் எல்லோரும் சேர்ந்து முறையிடுங்கள்.

ஒக்லாந்தில், மாநகர சபை பொது அறிவித்தலாக வெளியிடும் அபிவிருத்தி விண்ணப்பங்களுக்கு யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்கவேண்டாம். வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எமது ஊர் எங்கே இருந்தது, ஏன் காணி எமக்குப் பெரிது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதுவும் ஒரு சந்தர்ப்பம் ஆகும்.

காணியை விட்டு வந்தவர்கள் நாம். காணியின் அருமை எமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.