காசநோய் மாத்திரையும் கீழாநெல்லிச் சாறும்

எங்கள் கல்லீரல் பிரிவுக்கு வருவோர் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாத்திரையோடு கீழாநெல்லியும் சாப்பிடலாமா?" காசநோய்க்கு மருந்து உண்போரின் வீட்டாரே இதனை மிகுதியாகக் கேட்கின்றனர். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. ஆகவே ஒரு காப்பை நாடுவது இயல்பே.

கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு ஆகியவற்றின் சாறு எலிகளின் கல்லீரலைக் காத்ததாக ஆய்வுகள் பல உள்ளன. அவற்றை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் அச்சோதனை நடைபெறும் முறையை அறிதல் வேண்டும். பெரும்பாலும் எலிக்குச் சில நாட்கள் சாறு கொடுத்த பின்னரே கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நச்சுப்பொருள் செலுத்தப்படுகிறது. கல்லீரலின் நொதிகள் அதனை உடைக்கும்போது பிறக்கும் நிலையற்ற துகள்களே உயிரணுக்களின் சவ்வைச் சிதைக்கின்றன. சாறு அத்துகள்களை அடக்கியிருக்கலாம். அல்லது அந்நொதிகளையே மந்தப்படுத்தியிருக்கலாம். பின்னது எலிக்கு நன்மை. பல மருந்துகளை ஒருங்கே உண்ணும் மனிதருக்கோ, இரத்தத்தில் மருந்தின் அளவு மாறுவதற்கு அதுவே காரணமாகலாம்.

காசநோய் மருந்தால் மஞ்சள் காமாலை கண்டவருக்கு, உரிய நேரத்தில் அம்மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் கல்லீரல் தானாகவே தேறிவிடும். அந்நாட்களில் வீட்டில் அரைத்துக் கொடுத்த சாற்றுக்கே புகழ் சேர்கிறது! மாத்திரையை நிறுத்தாமல் சாற்றை மட்டும் நம்பியிருந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

செடியிலிருந்து பெற்ற பொருள் மருத்துவமனைக்குள் இடம் பெற்றதும் உண்டு. ஐரோப்பாவில் நச்சுக் காளான் உண்டவர்களுக்கு, பால் நெருஞ்சில் விதையிலிருந்து பிரித்தெடுத்த சிலிபினின் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. அது அளவறிந்து தூய்மைப்படுத்திய மருந்து. மாறாக, சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்துள்ளனர்.

பாராசிட்டமால் அளவு மீறியவருக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உள்ளது. 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் அது கல்லீரலைப் பெரிதும் காக்கும். முதல் நாளில் அறிகுறி ஏதும் தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே வீட்டில் காத்திருத்தல் கூடாது.

காசநோய் மருந்து உண்ணும்போது பசியின்மை, தொடர் வாந்தி, அடர்நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே வாருங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் பின், தேவையெனில் மருந்துகளை நிறுத்தி, கல்லீரல் தேறியதும் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவோம். காசநோய்ச் சிகிச்சையை நீங்களாகவே முற்றிலும் கைவிட வேண்டாம். சாறு, சூரணம், லேகியம் எதனை உட்கொண்டிருந்தாலும் அந்தப் புட்டியையோ இலையையோ உடன் கொண்டு வாருங்கள். அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.