விடுதலைக்குப் பிறகும் அடங்காத கோபம்

2018 மார்ச் 28 அன்று, ஒன்பது வார விசாரணைக்குப் பின், அயர்லாந்து ரக்பி வீரர்கள் பேடி ஜாக்சனும் ஸ்டூவர்ட் ஓல்டிங்கும் பாலியல் வன்முறை வழக்கிலிருந்து பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். ஜூரிகள் நான்கு மணி நேரத்துக்குள் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். மறுநாளே 'அவளை நம்புகிறோம்' என்று டப்ளின், பெல்ஃபாஸ்ட் வீதிகளில் பெருங்கூட்டம் திரண்டது. தீர்ப்பை அவமதிக்கிறார்கள் என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சட்டத்தின் முன் இவர்கள் நிரபராதிகள். அதை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் விடுதலையின் பொருள். புகார் கொடுத்தவர் பொய் சொன்னார் என்று எந்த ஜூரியும் தீர்ப்பளிக்கவில்லை.

கோபத்தின் வேர் விசாரணை நடந்த விதத்தில் இருந்தது. அந்தப் பெண் எட்டு நாட்கள் சாட்சிக் கூண்டில் நின்றார். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த நான்கு பேரின் வழக்கறிஞர்களும் அடுத்தடுத்துக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவர் அணிந்திருந்த உள்ளாடை ஜூரிகளிடம் காட்டப்பட்டது. பார்வையாளர் வரிசையோ பொதுமக்களுக்குத் திறந்தே கிடந்தது. விடுதலையான பின்னும் இந்த இரு வீரர்களின் ரக்பி ஒப்பந்தங்களை ரத்து செய்தது அநீதி அல்லவா என்று கேட்கலாம். ரக்பி நிர்வாகம் அதைச் செய்தது, அவர்கள் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் குறித்த தனி விசாரணைக்குப் பிறகு. நடத்தை விதி வேறு, குற்றவியல் சட்டம் வேறு. பாலியல் குற்ற விசாரணைகள் குறித்து நீதிபதி ஜான் கில்லன் 2019இல் அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, இத்தகைய விசாரணைகளில் பொதுமக்களை விலக்கி வைக்க வட அயர்லாந்து 2022இல் சட்டம் இயற்றியது.