பட்டன் இருக்கு… வயசு?

சேலம் சூரமங்கலத்துக் கார்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடவேண்டும், உழவர் சந்தைக்கு ஒரு நடை, சொந்தக்காரர்களை ஜங்ஷனில் ரயிலேற்ற ஒரு நடை. எப்போதாவது ஏற்காடு, ஆடி மாதம் குலதெய்வம் கோயில். இப்படி ஓட்டினால் வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டுவதே பெரிது. ஆனால் டயர் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, நல்லா உழைக்கிற டயரா ஒண்ணு போடுங்க."

உழைப்பு என்றால் என்ன என்று கேட்க, ஐம்பது கிலோமீட்டர் தெற்கே நாமக்கல்லுக்குப் போகவேண்டும். அங்கே லாரிக்காரர்கள் கம்பெனிப் பெயரை வைத்துப் பேச்சை ஆரம்பிப்பதில்லை. பைசாவை வைத்து ஆரம்பிப்பார்கள். கணக்குப் பார்த்துத் தொழில் செய்யும் முதலாளிகள், டயரின் பக்கவாட்டில் சூடு வைத்து நம்பர் போட்டுவிடுவார்கள். நோட்டில் அந்த நம்பருக்கு நேரே எந்த வண்டி, முன்னா பின்னா, மாட்டும்போது மீட்டர் எவ்வளவு, கழற்றும்போது எவ்வளவு என்று எல்லாம் ஏறும். புது டயர் முதலில் முன்சக்கரத்தில் ஓடும். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், தேய்ந்து குறைந்ததும் பின்னுக்குப் போகும். கட்டுமானம் கெடாமல் இருந்தால் ரீட்ரேடிங் செய்து மறுபடியும் பின்னால் ஏறும். விலையையும் ரீட்ரேடிங் கூலியையும் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் எத்தனை பைசா என்று வருமே, அதுதான் அந்த டயரின் ஜாதகம்.

அந்தக் கணக்கைக் காருக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு ஒரு டயர் 5,500 ரூபாய், 45,000 கிலோமீட்டர் வரும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 7,000 ரூபாய், 65,000 வரும். முதலாவது கிலோமீட்டருக்கு 12 பைசா, இரண்டாவது 11 பைசா. வாராவாரம் பெங்களூரு போய்வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை வாங்கலாம். நம் சூரமங்கலத்து ஆளுக்கு? வருஷம் 6,000 என்றால் 65,000 ஓட்டி முடிக்கப் பதினோரு வருஷம் ஆகும். அதுவரை ரப்பர் காத்திருக்காது. ஆறு வருஷத்தில் மாற்றுவதாக வைத்தால் ஓடியிருப்பது 36,000தான். இப்போது மலிவு டயர் 15 பைசா, 'உழைக்கிற' டயர் 19 பைசா. தேயாத டயருக்குக் கொடுத்த கூடுதல் காசு, தேயாமலே வீணாகிறது. போதாக்குறைக்கு, நெடுநாள் தேயாமல் இருக்கக் கலவையைக் கெட்டியாக்கினால் ஈரச் சாலையில் பிடிப்பு குறைய வாய்ப்பு உண்டு.

லாரி டயர் தேய்ந்து சாகிறது. நம் கார் டயர் வயதாகிச் சாகிறது. இந்த விஷயம்தான் என்னை உறுத்துகிறது.

காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல இறுகச் செய்து வெடிப்பு விட வைக்கின்றன. வெயில் இதை வேகப்படுத்தும். சித்திரை வெயிலில் தெருவோரம் நிற்கும் காரைக் கேட்கவே வேண்டாம். இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளிய நெளிய அவை மேலே கசிந்து ஒரு படலமாகப் படியும். பக்கவாட்டில் சில சமயம் தெரியும் பழுப்பு நிறம் அதுதான். நின்றுகொண்டே இருக்கும் காருக்கு இந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் பட்டன் முழுசாக இருந்தும் பக்கவாட்டில் தலைமுடி போலக் கீறல் விழுகிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் கறுப்பு பாலிஷ் அடித்துப் பளபளவென்று நிறுத்துவார்களே, அந்தப் பளபளப்பில் கீறல் கண்ணுக்கே தெரியாது. பாலிஷ் அடிக்கும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

வயசு டயரிலேயே எழுதியிருக்கிறது. டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32வது வாரம். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்காத நாம், குடும்பத்தோடு நூறில் பறக்கும் டயரில் பார்ப்பதில்லை. ஐந்து வருஷம் ஆனதும் ஆண்டுதோறும் சோதியுங்கள், எப்படி இருந்தாலும் பத்து வருஷத்தில் கழற்றிவிடுங்கள் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. நம் சட்டமோ பட்டன் ஆழத்தைத்தான் பார்க்கிறது, காருக்கு 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். வயதுக்கு வரம்பு இல்லை.

இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்தது. 2012 செப்டம்பரில் இசை விழாவுக்குப் போய்த் திரும்பிய ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கும் மேல், பஸ்ஸைவிட மூத்தது. பட்டன் மட்டும் விதிப்படி இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி முதல் லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வயதைத் தாண்டிய டயர் அங்கே கூடாது.

இங்கே செகண்ட் ஹேண்ட் டயர் கடைகளில் 'பட்டன் அப்படியே இருக்கு சார்' என்பதே விற்பனை வாசகம். வண்டி ஓடாததால் பட்டன் அப்படியே இருக்கிறது. எத்தனை வருஷம் ஓடாமல் நின்றது என்பதுதான் கேள்வி. புது டயர் கடைக்காரர்கள் என் கவலையை ஒப்பமாட்டார்கள். நிழலில், முறையாக அடுக்கி வைத்த டயருக்கு ஒன்றிரண்டு வருஷம் ஒரு பொருட்டா என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த ஒன்றிரண்டு வருஷத்துக்கு விலையில் ஏன் குறைப்பதில்லை?

மற்றதெல்லாம் பழைய பாடம்தான். 185/65 ஆர்15 88ஹெச் என்று கம்பெனி கொடுத்த அளவிலேயே வாங்குங்கள். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்ற கணக்கு. அதைவிடக் குறைந்த எண்ணைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பாருங்கள். காற்றை டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடு தேயும், ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் லாரிக்காரர் வழியைப் பின்பற்றக் கூடாத இடம் ஒன்று உண்டு. புதுசைப் பின்னால் போடுங்கள், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் சரி. மழையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு இடம் கிடையாது.

டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் காரின் வயசுதான். நாலு டயரும் மாற்றியவர்கள்கூட அதைத் தொடுவதில்லை. தொப்பூர் கணவாயில் நட்டநடு ராத்திரி பஞ்சரானால் அந்தப் பத்து வயசு ஸ்டெப்னியில்தான் வீடு வரவேண்டும்.

கடையில் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: டிஸ்க்கில் ஏற்றும் முன் ஒவ்வொரு டயரின் தேதியையும் காட்டச் சொல்லுங்கள். பல டயர்களில் இந்த இலக்கங்கள் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய், பேலன்சிங்கும் முடிந்துவிட்டால், காரைத் தூக்கி டார்ச் அடித்துத்தான் படிக்கவேண்டும். மாட்டிய டயரை எந்தக் கடையிலும் அவ்வளவு எளிதில் திருப்பி வாங்கமாட்டார்கள்.