மியூசியத்துக்குள்ள ஏன் இவ்வளவு இருட்டு? ஒரு கவுனின் 'வெளிச்சக் கணக்கு'

பழைய உடைகளை வைக்கும் கண்காட்சிக்குள் முதல் முறை நுழைபவர்களுக்கு வரும் சந்தேகம் இது: "காசு கொடுத்து டிக்கெட் வாங்கியாச்சு. கொஞ்சம் நல்லா லைட் போடக் கூடாதா?"

போடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

அடுத்து என்ன வருகிறது?

வடிவமைப்பு, அலங்காரக் கலைகளுக்குப் பேர் போனது லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். சுருக்கமாக 'வி அண்ட் ஏ'. இங்கே 'மேரி அன்டோனெட் ஸ்டைல்' கண்காட்சி 2026 மார்ச் 22-ல் முடிகிறது. அடுத்து மார்ச் 28-ல், ஃபேஷன் டிசைனர் எல்சா ஸ்கியாபரெல்லியின் படைப்புகள் வருகின்றன. ஓவியர் சால்வடார் டாலியுடன் சேர்ந்து 1938-ல் அவர் உருவாக்கிய 'ஸ்கெலிட்டன் டிரெஸ்' இந்த மியூசியத்தின் சொத்து. கறுப்புத் துணியில் விலா எலும்பும் முதுகெலும்பும் புடைத்துத் தெரியும் கவுன் அது.

இப்படிப்பட்ட உடையை வருஷம் முழுக்க வெளியில் வைக்க முடியாது. காரணம், வெளிச்சம்.

அது என்ன 50 லக்ஸ்?

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நாம் வேலை பார்க்கும் ஆபீஸில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் சுமார் 1 லட்சம். பழைய துணி, வாட்டர்கலர் ஓவியம் போன்றவற்றுக்கு மியூசியங்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு வெறும் 50 லக்ஸ்.

வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், பட்டு இழை நொறுங்கும். வெளுத்த சாயம் திரும்ப வராது. இன்னொரு சிக்கல், இந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும். இன்று பட்டதும் பத்து வருஷம் முன்பு பட்டதும் ஒரே கணக்கில்தான் ஏறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 லக்ஸ், தினம் 8 மணி நேரம், 180 நாள். மொத்தம் 72,000 'லக்ஸ் மணி'. உச்சி வெயிலில் இதே அளவு வெளிச்சம் விழ முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வெயிலில் புற ஊதாக் கதிரும் சேர்ந்து வரும் என்பதால் உண்மையான சேதம் இன்னும் அதிகம்.

பத்து நிமிஷம் மட்டும் லைட்!

இதே மியூசியத்தில் 1539-40-ல் ஈரானில் நெய்யப்பட்ட அர்தபீல் கம்பளம் இருக்கிறது. சுமார் பத்தரை மீட்டர் நீளம். ஒவ்வொரு மணிக்கும், அரை மணிக்கும் பத்து நிமிஷம்தான் அதன் மேல் விளக்கைக் கூட்டுவார்கள். மற்ற நேரம் மங்கல்தான். பார்க்கணும்னா காத்திருக்கணும்.

அப்போ யாருக்காகப் பாதுகாக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. சோழமண்டலக் கடற்கரையில் சாயவேர்ச் சிவப்பில் எழுதிய 18-ம் நூற்றாண்டுத் துணிகளும் இந்த மியூசியத்தில் உண்டு. பூட்டியே வைத்தால் யாருக்கும் பயனில்லை. எப்போதும் திறந்து வைத்தால் அடுத்த தலைமுறைக்கு வெளுத்த துணிதான் மிஞ்சும். அதனால்தான் சில மாதம் காட்டிவிட்டு, நீண்ட நாள் இருட்டில் 'ஓய்வு' கொடுக்கிறார்கள்.

இதற்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2025 மே 31-ல் கிழக்கு லண்டனில் 'வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்' திறந்தது. மியூசியத்தின் கோடவுனையே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2.5 லட்சத்துக்கு மேல் பொருட்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்பு ஆன்லைனில் புக் செய்தால், ஐந்து பொருட்கள் வரை உங்களுக்காக எடுத்து வைப்பார்கள். கட்டணம் கிடையாது. கேட்டவர் பார்க்கும் நேரம் மட்டும் வெளிச்சம். பிறகு மீண்டும் இருட்டு.

நம்ம வீட்டுக்கும் இதே கணக்குதான்

பாட்டியின் கல்யாணப் புடவையை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டும் ஐடியா இருக்கா? ஜன்னலோரம் 1,000 லக்ஸ் இருந்தால், மியூசியத்தின் ஆறு மாத வெளிச்சம் ஒன்பதே நாளில் தீர்ந்துவிடும். மஞ்சள் சாயம் போட்ட துணி என்றால் இன்னும் வேகமாக வெளுக்கும். ஜன்னல் இல்லாத சுவராகப் பாருங்க. அதைவிட நல்லது, பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு, விசேஷ நாளில் வெளியே எடுப்பது. பாட்டியும் அதைத்தான் செய்திருப்பார்.